ஒப்பீட்டுக்கு மூன்று பேட்ச்

ஜூன் 12, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். வெட்கமாக இருக்கிறது என்பதற்காக எதையும் விடவும் மாட்டேன். சோதனைக்கூடத்தில் குறிப்பு எழுதும் முறை அதுதான் என்று அண்ணி சொன்னார். "என்ன வரணும்னு ஆசைப்பட்டியோ அதை எழுதாத நிலா. என்ன வந்துச்சோ அதை எழுது."

இந்த டைரியும் அண்ணி கொடுத்ததுதான். அவர் வேலை செய்யும் மருந்து கம்பெனியில் புத்தாண்டுக்குத் தந்தது. பாதி வருடம் போய்விட்டதே என்றேன். மீதிப் பாதி இருக்கிறதே என்றார்.

என் பெயர் வெண்ணிலா. ஓசூரில் அரசுப் பெண்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பு, அறிவியல் பிரிவு. இன்றுதான் பள்ளி திறந்தது. வீட்டில் நான்கு பேர். அம்மா பிளவுஸ் தைக்கிறார். அண்ணன் சிவப்பிரகாசம் லாரி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அண்ணி ரேணுகா எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவர், கம்பெனியில் புதிய செய்முறைகளைச் சோதித்துப் பார்க்கும் பிரிவில் இருக்கிறார். அப்பா நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இறந்துவிட்டார்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடங்கள் ஆகின்றன. வந்த முதல் நாள் என் புத்தக அலமாரியின் முன்னால் தரையில் உட்கார்ந்து, எதை முதலில் படிக்கலாம் என்று என்னைக் கேட்டார். அன்றிலிருந்து நான் அவர் பக்கம்.

ஜூன் 18, ஞாயிறு

இன்று அம்மாவின் இடி உரலில் ஒரு வேதிவினை நடத்தினேன்.

ஆகஸ்டில் அறிவியல் கண்காட்சி. எங்கள் பள்ளியில் எல்லோரும் எரிமலைதான் செய்வார்கள். வேறு ஏதாவது சொல்லுங்கள் என்று அண்ணியைக் கேட்டேன். அவர் எலுமிச்சை உப்பும் ஆப்ப சோடாவும் எடுத்து வந்தார். இரண்டும் காய்ந்த தூள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, பார்த்துக்கொள் என்று உரலில் கொட்டி என்னை இடிக்கச் சொன்னார். முதலில் ஒன்றும் ஆகவில்லை. கை வலித்தது. பிறகு தூள் உரலின் ஓரத்தில் ஈரமாக ஒட்ட ஆரம்பித்தது. இன்னும் இடித்தேன். நுரைத்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை; அந்த ஈரம் வினையிலிருந்தே வந்தது.

கரைத்தால்தான் இரண்டு பொருள்கள் சேரும் என்று நாம் நினைக்கிறோம், இடித்தாலும் சேரும், அதற்கு இயந்திரவேதியியல் என்று பெயர் என்றார் அண்ணி. என் புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "மிளகு இடிக்கிற உரல்ல சோடாவப் போட்டு வச்சிருக்கீங்க. நாளைக்கு ரசம் பொங்கிச்சின்னா மாமியாருக்கு ஒரு சொட்டு வேணாம், நீங்க ரெண்டு பேருமே குடிச்சிக்குங்க."

ஜூன் 21, புதன்

மழை. கணக்கு டெஸ்ட். எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 25, ஞாயிறு

மருந்து செய்யும் இடத்தில் மருந்தைவிட அதிகமாக இருப்பது கரைப்பான் என்று எனக்கு இன்றுதான் தெரியும்.

அண்ணியின் கம்பெனியில் காசநோய் மருந்துக்கான ஒரு முன்பொருள் செய்கிறார்கள். இரண்டு தூள்களை டி.எம்.எஃப். என்ற திரவத்தில் கரைத்து, சூடாக்கி, கலக்கி, வண்டலாக இறங்குவதை வடிகட்டுகிறார்கள். பிறகு ஈர மாவைப் போல இருக்கும் அதை உலரவைக்க வேண்டும். டி.எம்.எஃப். துளிகூட மருந்தில் தங்கக் கூடாது. அண்ணி துணி மடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணும் மாப்பிள்ளையும் பாத்துக்க மண்டபம் வேணும்ல? அதுதான் கரைப்பான். கல்யாணம் ஒரு நாழியில முடிஞ்சிடும். மண்டபத்தக் கழுவி விடுறதுதான் பெரிய வேலை."

டி.எம்.எஃப். பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்குமாம். லேசாக மீன் வாடை வருமாம். தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்; கல்லீரலுக்குக் கெடுதல். உலர்த்தும் பிரிவில் பெண்கள்தான் அந்த ஈர மாவைத் தட்டுகளில் பரப்புகிறார்கள். அவர்களில் நாகவேணி அக்காவை எனக்குத் தெரியும். அண்ணியோடு கம்பெனி பஸ்ஸில் வருபவர். சாயங்காலம் இறங்கும்போது துப்பட்டாவால் நெற்றியை இறுக்கிக் கட்டியிருப்பார்.

அண்ணியின் திட்டம் மண்டபமே இல்லாத கல்யாணம். ஒரு எஃகு உருளைக்குள் எஃகு குண்டுகளையும் இரண்டு தூள்களையும் போட்டு மூடிச் சுழலவிடுவார். குண்டுகள் மோதி மோதித் தூள்கள் வினைபுரிந்துவிடும். கரைப்பான் வேண்டாம், உலர்த்தவும் வேண்டாம். கம்பெனியில் அதற்கு 'ரேணு மேடம் கிரைண்டர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்து மேசை தினகர் சார் தினமும் காலையில் மாவு பொங்கிவிட்டதா என்று கேட்பாராம்.

எப்போது இதை ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். போன வருடம் மார்ச்சில் என்றார். போன வருடம் பிப்ரவரியில் அண்ணி சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்று வலி என்று அம்மா என்னிடம் சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைக்கிறேன்.

ஜூலை 2, ஞாயிறு

அண்ணன் ஜிலேபி மீன் வாங்கி வந்தார். அண்ணிக்கு மீன் குழம்பு என்றால் உயிர். இன்று தட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்த் தயிர் சாதம் சாப்பிட்டார். கேட்டதற்கு அசிடிட்டி என்றார். காப்பியும் குடிக்கவில்லை. அம்மா ஓம வாட்டர் வைத்துக் கொடுத்தார். அதை வாங்கி, நான் பார்க்கிறேன் என்று தெரியாமல், துளசிச் செடிக்கு ஊற்றினார்.

ஜூலை 9, ஞாயிறு

அண்ணி இந்த வாரம் முழுக்கச் சோர்ந்திருந்தார். கிரைண்டரின் உருளைக்குள் தூள் சூடாகி, குண்டுகளைச் சுற்றிச் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. குண்டுகள் நகரவே இல்லை. தினகர் சார் மாவு கட்டியாகிவிட்டது, பணியாரம் போட்டுவிடுங்கள் என்றாராம்.

நேற்று அண்ணி உருளையை விட்டு விட்டு ஓட்டிப் பார்த்தார். கொஞ்சம் ஓடும், நின்று ஆறும், மறுபடி ஓடும். கூடவே சில சொட்டு எரிசாராயம் மட்டும் விட்டார். திறந்தபோது வெள்ளை வெளேரென்று பவுடர். "விபூதி மாதிரி கொட்டுச்சு நிலா," என்றார். அதைச் சொல்லும்போது கையில் இருந்த கரண்டியால் காற்றில் கொட்டிக் காட்டினார். அண்ணன் ஒன்றும் புரியாமலே சிரித்தார். எங்கள் வீட்டில் அப்படி ஒரு இரவுச் சாப்பாடு நடந்து வெகு நாளாகிறது.

ஜூலை 16, ஞாயிறு

மேனேஜர் ரங்கநாத் சார் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையுடன்.

அவர் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. யார் புது முறையைக் கொண்டுவருகிறாரோ, அவரே தன் கையால் பழைய முறையையும் செய்து காட்ட வேண்டும். புதிய முறையில் மூன்று பேட்ச், பழைய முறையில் மூன்று பேட்ச். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த பொருள், ஒரே ஆளின் கை. பழையதை வேறு யாராவது செய்தால், வேண்டுமென்றே கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு வரும். முன்பு அப்படி வந்ததாம். நியாயமான வழக்கம்தான் என்று எனக்கும் தோன்றுகிறது.

அதாவது டி.எம்.எஃப். வேண்டாம் என்று நிரூபிக்க, அண்ணி மூன்று முறை டி.எம்.எஃப்.-இல் வேலை செய்ய வேண்டும். சின்னக் குடுவையில் இல்லை. கீழே பெரிய கூடத்தில், பெரிய பாத்திரத்தில்.

நான் கிரைண்டர் சமாசாரத்தையே கண்காட்சியில் வைப்பது என்று வேதியியல் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். உங்கள் அண்ணி வென்றுவிட்டால் சொல், நாமும் பெருமைப்படலாம் என்றார்.

ஜூலை 20, வியாழன்

விடியற்காலையில் படிக்க எழுந்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அண்ணி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்குள் அந்தச் சத்தம் கேட்டது. வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும் சுவரில் சாய்ந்துகொண்டார்.

எனக்குப் பதினாறு வயது. உயிரியல் படிக்கிறேன். நான் கேட்கவில்லை, அவரே தலையை ஆட்டினார்.

மாடிக்குப் போய்ப் பேசினோம். போன வருடமும் இதுதான் என்றார். அப்போது மூன்றாம் மாதம். என்னைத் தவிர எல்லோருக்கும் சொல்லியாகிவிட்டது, அம்மா தருமபுரிச் சித்திக்குக்கூட போன் செய்துவிட்டார். "சொன்னது ஒரு நாள் வேலை. இல்லைன்னு சொல்றதுக்கு ஒரு மாசம் ஆச்சு, நிலா. ஒவ்வொருத்தரா கேட்டாங்க."

அதனால் இந்த முறை யாருக்கும் சொல்லவில்லை. அண்ணனுக்கும் இல்லை.

கம்பெனிக்கும் சொல்லவில்லை. அங்கே ஒரு விதி இருக்கிறது. கர்ப்பம் என்று சொன்ன உடனே கரைப்பான் பக்கமே விடமாட்டார்கள். ஆவணப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். சம்பளம் குறையாது. நல்ல விதிதான் என்று அண்ணியே சொன்னார். ஆனால் கிரைண்டர் தினகர் சாரிடம் போகும். அவர் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பார், ஒட்டிக்கொண்டது என்று எழுதுவார், உருளை ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். நாகவேணி அக்காவும் மற்றவர்களும் எப்போதும்போல் தட்டில் பரப்பிக்கொண்டிருப்பார்கள்.

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். டைரி அந்த 'யாரிடமும்' என்பதில் சேராது என்று நினைக்கிறேன்.

ஜூலை 23, ஞாயிறு

துணி காயப்போடும்போது அண்ணி என்னைக் கேட்டார். அந்த மூன்று பேட்சையும் நான் செய்யட்டுமா, இல்லை, கம்பெனியில் சொல்லிவிட்டு ஒதுங்கிவிடட்டுமா என்று. "நீ என்ன சொல்ற நிலா?"

இவ்வளவு பெரிய விஷயத்தை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன காலேஜ், என்ன குரூப் என்பதைக்கூட அண்ணனும் அம்மாவும்தான் பேசிக்கொள்வார்கள். நான் யோசித்தேன். யோசித்தது உண்மை.

"மூணு பேட்ச்தானே அண்ணி," என்றேன். "ரெண்டு கையுறை போட்டுக்குவீங்க. அதுக்கப்புறம் யாருமே அதத் தொட வேணாமே."

அண்ணி சிரித்து, ஈரக் கையால் என் கன்னத்தைத் தட்டினார்.

டி.எம்.எஃப். பற்றிய எச்சரிக்கைத் தாளை அவர் பையிலிருந்து எடுத்து நான் படித்திருக்கிறேன். கருவைப் பற்றிய வரி அதில் இருக்கிறது. கேட்டபோது அது என் நினைவில் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

ஜூலை 30, ஞாயிறு

கிரைண்டர் பேட்ச் மூன்றும் முடிந்தன. மூன்றும் வெள்ளை. இரும்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க மாதிரிகளை வெளியே அனுப்பியிருக்கிறார்கள். எஃகு குண்டுகள் மோதித் தேய்ந்தால் மருந்தில் இரும்பு சேரும் அல்லவா? அண்ணிக்கு அந்த ஒன்றுதான் கவலை.

இனிமேல் பழைய முறை.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பெருக்கு. அம்மா சித்ரான்னம் செய்து, குடத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துக் கும்பிட்டார். அண்ணியை லீவு போடச் சொன்னார். இன்று முதல் டி.எம்.எஃப். பேட்ச், முடியாது என்றார் அண்ணி. பஸ் வருவதற்குள் அவசரமாக நிற்கவைத்து அம்மா கையில் மஞ்சள் கயிறு கட்டினார். "அடுத்த பதினெட்டுக்கு மடியில ஒண்ணு கெடக்கணும் தாயே," என்று குடத்தைப் பார்த்துச் சொன்னார். அண்ணி என்னைப் பார்க்கவில்லை. நான் தேங்காய் மூடியைத் துருவிக்கொண்டிருந்தேன். விரலைத் துருவிக்கொண்டேன். பெரிய காயம் இல்லை.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

நேற்று இரண்டாவது பேட்ச். வந்ததும் தலைக்குக் குளித்தார். எண்ணெய் தேய்த்துப் பின்னிவிட்டேன். காதோரம் இன்னும் லேசாக மீன் வாடை இருந்தது. ஷாம்பு சரியில்லை, வேறு வாங்க வேண்டும் என்று சொன்னேன். சரி என்றார்.

கண்காட்சிக்கு அட்டையில் உருளையின் படம் வரைந்து முடித்தேன். குண்டுகளுக்குச் சைக்கிள் கடை பால்ரஸ். நன்றாக வந்திருக்கிறது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

மூன்றாவதும் முடிந்தது. வடிகட்டியில் ஈர மாவு துணியோடு இறுகிக்கொண்டதாம். வழக்கமாக அதை எடுத்துத் தரும் நாகவேணி அக்கா இன்று லீவு. எடை குறைந்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று அண்ணியே குனிந்து, கரண்டியால் ஓரமெல்லாம் சுரண்டி எடுத்தார். வேலை முடிந்து பார்த்தால் ஒரு கையுறையில் கட்டை விரல் பக்கம் கிழிந்திருந்தது.

"முடிஞ்சுது நிலா. இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்," என்றார். வெள்ளிக்கிழமை கம்பெனியில் சொல்லிவிடுவாராம். ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்கும் அம்மாவுக்கும். எப்படிச் சொல்வது என்று இரண்டு பேரும் திட்டம் போட்டோம். அண்ணனிடம் மீன் வாங்கி வரச் சொல்லி, தான் மட்டும் சாப்பிடாமல் இருந்தால் கேட்பார் அல்லவா, அப்போது சொல்லலாம் என்றார். மீனைப் பார்த்து அண்ணன் ஒன்றும் புரிந்துகொள்ள மாட்டார், எனக்கு ஒரு துண்டு மிச்சம் என்று எடுத்துக்கொள்வார் என்றேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஆகஸ்ட் 10, வியாழன்

கண்காட்சி. என் மேசைக்கு நடுவர் ஒருவர் வந்தார், கல்லூரிப் பேராசிரியர். உரலில் நுரை வந்ததைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு நல்ல முறையென்றால் ஏன் எல்லா கம்பெனியும் செய்யவில்லை என்று கேட்டார்.

பெரிய அளவில் செய்தால் சூடாகும், ஒட்டும், இரும்பு கலக்கும் என்று சொன்னேன். அவர் போகாமல் நின்றார். அதனால், "மாத்தணும்னா பழையதையும் ஒருத்தர் செஞ்சு காட்டணும் சார். அதுக்கு ஆள் வேணும்," என்றேன். அவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு எரிமலைக்கு.

வீட்டுக்கு வந்தபோது பூட்டியிருந்தது. கீழ்வீட்டு மஞ்சுளா ஆன்ட்டி சாவியோடு படியில் உட்கார்ந்திருந்தார். உங்கள் அண்ணிக்குப் பஸ்ஸிலேயே முடியாமல் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்துவிட்டு, வாங்கிப் பத்திரமாக வைக்கிறேன், நீ சாப்பிடு என்றார்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அண்ணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கையில் மஞ்சள் கயிறு இல்லை. ஊசி போடுவதற்காகக் கத்தரித்திருப்பார்கள்.

குழந்தை இல்லை. நாலாவது மாதம் தொடங்கியிருந்ததாம்.

வராந்தாவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "உனக்குத் தெரியுமாடி?"

"தெரியாதும்மா."

அம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு முந்தானையால் என் கண்ணைத் துடைத்தார். பாவம் குழந்தை, இதற்கு என்ன தெரியும் என்று பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் சொன்னார்.

டிபன் கேரியரைக் கழுவினேன். ஆஸ்பத்திரிக் குழாயில் தண்ணீர் மெலிதாக வருகிறது. நான்கு அடுக்கும் கழுவ நேரமானது. மூடியில் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பிறகு ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்கி வந்தேன். இட்லி வாங்கி வந்தேன். மதியம் பள்ளிக்குப் போனேன். இன்று இவ்வளவுதான் நடந்தது.

ஆகஸ்ட் 12, சனி

அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

அண்ணன் மீன் வாங்கவில்லை. காலையில் வண்டியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். பிறகு உள்ளே போனார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கதவு சாத்தியிருக்கவில்லை.

கம்பெனியில் என்ன வேலை செய்தாய் என்று கேட்டார். அண்ணி எல்லாவற்றையும் சொன்னார், தேதிவாரியாக. டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் சொன்னார்: இதுதான் காரணம் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது, எத்தனையோ பேருக்குக் காரணமில்லாமலே ஆகிறது.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருப்பேன்ல?" என்றார் அண்ணன்.

"அதனாலதான் சொல்லல."

அண்ணன் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். வண்டியை எடுக்கவில்லை. நடந்தே போனார்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். அண்ணிக்குக் கொண்டுவந்தேன். தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்; சாப்பிட்டாரா என்று தெரியாது.

ஆகஸ்ட் 17, வியாழன்

அம்மா யாருக்கும் போன் செய்யவில்லை. சித்தியிடமிருந்து வந்த போனையும் எடுக்கவில்லை. மெஷினில் ஒரே பிளவுஸைத் தைத்துப் பிரித்து, தைத்துப் பிரித்து. இடையில் ஒரு முறை, "படிச்ச பொண்ணு," என்றார். கோபமா என்று தெரியவில்லை. மீதி வாக்கியம் வரவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ரங்கநாத் சார் போன் செய்தார். உடம்பு சரியில்லை என்று மட்டும்தான் அங்கே தெரியும். அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். கையில் பிடித்திருக்கத் தெம்பில்லை போல. அதனால் எனக்கும் கேட்டது.

கிரைண்டர் பவுடர் மூன்று பேட்ச்சிலும் பழையதைவிடத் தூய்மையாக இருக்கிறது. இரும்பு வரம்புக்குள் இருக்கிறது. மேலிடம் சம்மதித்துவிட்டது, பெரிய உருளைக்கு ஆர்டர் கொடுக்கப் போகிறார்கள். அந்த ஒரு படியில் இனி டி.எம்.எஃப். கிடையாது. கடைசியில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒண்ணு சொல்லணும்மா. அந்த மூணாவது டி.எம்.எஃப். பேட்ச், நம்ம பிளான்ட்ல இதுவரைக்கும் இவ்வளவு நல்லா வந்ததே இல்ல. ஒரு கிராம் விடாம எடுத்திருக்க. அதனாலதான் உன் ஒப்பீட்ட ஒருத்தனும் கேள்வி கேக்கல."

"சரி சார்," என்றார் அண்ணி. "தேங்க்ஸ் சார்."

சாயங்காலம் நாகவேணி அக்கா வந்தார். அவர் வீட்டுக்காரர் ரோஜாப் பண்ணையில் வேலை செய்கிறார். விலை போகாத பூக்களைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தார். எங்களுக்கெல்லாம் பாக்கிங் பிரிவு தருகிறார்களாம் மேடம் என்றார். கேக் வாங்கலாம் என்று பசங்க எல்லாம் சொன்னார்கள், நீங்கள் வந்த பிறகு வெட்டலாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றார். பேசிக்கொண்டே அண்ணியின் முகத்தைப் பார்த்தார். பேச்சு நின்றது. அண்ணியின் வயிற்றைப் பார்த்தார். செய்தித்தாளைப் பிரித்து, ஒவ்வொரு ரோஜாவிலும் முள்ளை நகத்தால் கிள்ளிக் கிள்ளி எடுத்தார். எல்லாவற்றையும் எடுத்து முடித்த பிறகுதான் கிளம்பினார்.

போகும்போது வாசலில் என்னிடம் மெதுவாக, "எனக்கும் ஒண்ணு போச்சு பாப்பா, அங்க சேந்த வருஷம். யாருகிட்டயும் சொன்னதில்ல," என்றார்.

அதை அண்ணியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் கணக்குப் போடுவார் என்று பயந்தேன். ராத்திரி நானே சொல்லிவிட்டேன்.

அண்ணி விரல்விட்டு எண்ணினார். "எனக்கு ரெண்டு. அவங்களுக்கு ஒண்ணு," என்றார். "மூணு போதாது நிலா. ஒண்ணும் சொல்ல முடியாது. யாராவது எல்லாரையும் கேட்டிருந்தா சொல்லியிருக்கலாம்."

ஆகஸ்ட் 23, புதன்

வேதியியல் மிஸ் மாவட்டக் கண்காட்சிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். உரல் அம்மாவுக்கு வேண்டும் என்றேன்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

அண்ணன் இன்று அண்ணிக்குத் தலை வாரிவிட்டார். கோணலாக வகிடு எடுத்தார். இரண்டு பேரும் பேசவில்லை. ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

நேற்று நடந்ததை இன்று காலை எழுதுகிறேன்.

அண்ணி இன்றிலிருந்து வேலைக்குப் போகிறார். நேற்று சாப்பாட்டுக்குப் பிறகு அவர் பையைச் சரி செய்துகொண்டிருந்தார். அண்ணன் ஷிப்டுக்குப் போய்விட்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பதினைந்து நாளாக ஒரு வாக்கியம் தொண்டையில் இருந்தது. இந்த டைரியில் அதைச் சுற்றிச் சுற்றி எதையெல்லாமோ எழுதியிருக்கிறேன். புரட்டிப் பார்த்தால் தெரிகிறது.

"அண்ணி, நான் வேணாம்னு சொல்லியிருக்கணும்," என்றேன். "மூணு பேட்ச்தானேன்னு நான்தான் சொன்னேன். அந்தத் தாள நான் படிச்சிருந்தேன். தெரிஞ்சுதான் சொன்னேன். அம்மா கேட்டதுக்கும் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அண்ணி பையின் ஜிப்பை இழுத்து மூடினார். என்னைத் தன் பக்கம் திருப்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீ சொன்னதுக்காகவா செஞ்சேன்னு நெனக்கிற?" என்றார். "அம்மாகிட்ட கேட்டா வேணாம்னு சொல்லுவாங்க. உங்க அண்ணன்கிட்ட கேட்டாலும் வேணாம்னுதான் சொல்லுவாரு. நீ ஒருத்திதான் சரின்னு சொல்லுவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உன்ன கேட்டேன் நிலா. பதினாறு வயசுப் பொண்ண. அது என் தப்பு."

என் கன்னத்தைத் தொட வந்த கை பாதியில் நின்று, பையின் மேல் போய்விட்டது.

அப்போதுதான் அம்மா கதவருகில் நிற்பதைப் பார்த்தோம். கையில் இரண்டு டம்ளர் பால். எவ்வளவு நேரமாக நின்றிருந்தார் என்று தெரியவில்லை. பால் மேல் ஆடை படிந்திருந்தது.

உள்ளே வந்து ஒன்றை அண்ணியிடமும் ஒன்றை என்னிடமும் கொடுத்தார். நாங்கள் குடிக்கும்வரை அங்கேயே நின்றார். டம்ளர்களை வாங்கிக்கொண்டார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். சுவரோரம் அண்ணியின் பாயை ஒட்டி எனக்கும் ஒரு பாயை விரித்து, இரண்டு தலையணையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.